பூபதியின் இடக்கை

மல்லசமுத்திரத்துப் பூபதி ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி ஆழ்துளைக் கிணறு போட்டவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் சேலத்தில் டயாலிசிஸ். கூட்டிப்போய்க் கூட்டிவருவது மனைவி சௌந்திரம். விடிவதற்குள் சோறாக்கி, எருமைக்குத் தண்ணி காட்டி, இரண்டு பஸ் மாறி, ஆஸ்பத்திரி இருக்கும் அஸ்தம்பட்டியில் இறங்கும்போதே அவளுக்கு ஒருநாள் பாடு முடிந்துவிட்டதுபோல இருக்கும்.

வெளியே தார் இளகுகிற வெயில் அடித்தாலும், ரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்பும்போது பூபதிக்குக் குளிர் எடுத்துவிடும். போர்வை இருக்கும், ஆனால் கைகள் வெளியே இருந்தாக வேண்டும். இடக்கையில் ஊசி, வலக்கை விரலில் நாடி பார்க்கும் கிளிப்.

"கை வெறச்சுப் போச்சு புள்ள" என்பார்.

உள்ளே விடுகிறபோதெல்லாம் சௌந்திரம் தேய்த்துவிடுவாள். தேய்க்கத் தேய்க்க அவள் கையும் சில்லிட்டுப்போகும்.

கடையில் வாங்கிய கையுறை விரலை மூடியது. கிளிப் மாட்ட முடியவில்லை. விரல் இல்லாததாக நாமே பின்னினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஒயர் கூடை பின்னிய கைதான். உல்லன் நூலும் இரண்டு ஊசியும் வாங்கி, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். நீளமாக ஒரு துண்டு பின்னி, மடித்து, கட்டைவிரலுக்கு மட்டும் ஓட்டை விட்டு ஓரத்தைத் தைத்தால் தீர்ந்தது. பின்னும்போதே கண் சொருகும். கண்ணி நழுவும். பிரித்து மறுபடியும் ஏற்றுவாள்.

காற்றுப் புகாதிருக்க மணிக்கட்டில் நன்றாக இறுக்கியிருந்தாள். மாட்டப் போனபோது நர்ஸ் தனப்பிரியா ஓடிவந்தாள்.

"அக்கா, ஊசி போடுற இந்தக் கையில இறுக்கமா எதுவுமே போடக்கூடாது. ரத்த ஓட்டம் நின்னுடும். வாட்ச்கூட ஆகாதுக்கா."

சௌந்திரம் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அந்த இடக்கையுறையைப் பிரித்தாள். அழுகை வரவில்லை. அலுப்புதான் வந்தது.

"உட்டுத்தள்ளு புள்ள. ரிக்குல பாக்காத குளுரா?" என்றார் பூபதி.

"சும்மா இருங்க" என்றாள்.

வலக்கைக்குப் பின்னியது முழங்கை வரை போகும். அதை அப்படியே வைத்துக்கொண்டாள். இடக்கைக்கு உள்ளங்கையோடு நிற்கிற மாதிரி, மணிக்கட்டைத் தொடாமல், தொளதொளவென்று புதிதாகப் பின்னினாள். மாறிப்போகாமலிருக்க அதன்மேல் மஞ்சள் நூலில் அவர் பேரின் முதலெழுத்தைத் தைத்தாள்.

பூபதி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜோடி சேரலையே?"

"உங்க ரெண்டு கையும் இப்ப ஒண்ணாவாங்க இருக்குது?"

"சரி, இதென்ன பூவுன்னு போட்டிருக்கற? பொட்டப்புள்ளைக்குப் போட்டாப்புடி. எம்பட பேரை முழுசா போட்டிருக்கலாமில்ல?"

"எடம் பத்தலீங்க."

தனப்பிரியா சிரித்துவிட்டாள். பல மாதத்துக்கப்புறம் பூபதியும் சிரித்தார். அன்றைக்கு அவர் கையைத் தேய்க்கச் சொல்லவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியதும் தூங்கிப்போனார்.

பக்கத்துக் கட்டிலில் மகனைப் படுக்க வைத்திருந்த முத்தாயம்மாள், சௌந்திரத்தின் பின்னாலேயே பெஞ்சுக்கு வந்தாள். "சாமி, எம்பட பையனுக்கும் ஒரு சோடி பின்னித் தாரியா? அவனும் நடுங்குறான்."

சரி என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் சௌந்திரத்தால் சொல்ல முடியவில்லை.

"முடியாதுங்கக்கா. கோவிச்சுக்காதீங்க. இதுக்கு மேல என்னால ஒரு கண்ணிகூட ஏத்த முடியாது."

சொன்னதும் அவளுக்கே முகம் சுண்டிப்போனது. பையிலிருந்து ஊசிகளையும் மிச்ச நூலையும் எடுத்து நீட்டினாள். "இதை வெச்சுக்குங்க. தனப்பிரியாகிட்டச் சொன்னா போன்ல வீடியோ போட்டுத் தரும்."

முத்தாயம்மாள் ஊசிகளை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "நீயும் நல்லாத்தான் கெடந்து அல்லாடுற. செத்த கண்ணை மூடு. உள்ள கூப்புட்டா நான் எழுப்பறேன்."

சௌந்திரம் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, அந்த இரும்பு பெஞ்சிலேயே காலை மடக்கிப் படுத்தாள்.