சர்தார் பாஷா மறைத்த வீக்கம்

சர்தார் பாஷாவைப் போலத் தோல் பார்க்கத் தெரிந்தவர் ஆம்பூரில் இல்லை. மறுக்கிறவர்கள் மறுக்கட்டும், நான் சொன்னது சொன்னதுதான். கண்ணை மூடித் தொட்டே வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவார். பொய் சொல்லத்தான் வராது. ஒரே ஒரு தடவை முயன்று பார்த்தார்.

அந்த வருஷம் பாலாற்றோரம் காலரா கண்டது. ஊசி போட எங்கள் தோல் தொழிற்சாலைக்குக் கம்பவுண்டர் இருதயராஜ் வந்தார். எல்லோரும் பின்வாங்க, பாஷா மட்டும் கையை நீட்டினார். வீரம் ஒன்றுமில்லை. முந்தைய காலராவில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த அவர் மனைவி சுகரா பேகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "நீங்க போட்டு நல்லா இருந்தா பில்கிஸுக்குப் போடலாம். இல்லாட்டி புள்ளைகிட்ட ஊசி வரக்கூடாது." பில்கிஸ்தான் அவர்களுக்கு மிஞ்சிய பிள்ளை.

"ஊசியில இன்னா இருக்குது?"

"காலரா கிருமி, பாய். சூட்டுல வச்சுக் கொன்னது."

"செத்தது இன்னா பண்ணிடும்!" என்று சிரித்தார் பாஷா.

பொழுது சாய்வதற்குள் குளிரில் பல் தந்தியடித்தது. கை வீங்கிவிட்டது. கம்பவுண்டரிடம் ஓடினார்.

"யோவ், உன் கிருமி சாகலய்யா!"

"செத்துதான் போச்சு. ஆனா அதோட மேல்தோலு அப்படியே இருக்குதில்ல? தோலைத் தொட்டே ஆட்டைச் சொல்றவரு நீங்க. உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவுக்கும் அதே வேலைதான். கிருமியோட தோலு பட்டாலே, எதிரி வந்துட்டான்னு ஊரையே கூட்டிடும். அந்தக் கூச்சல்தான் காய்ச்சல். தானா போயிடும்."

பாஷாவுக்குப் புரிந்துவிட்டது. சுகராவுக்கு யார் புரியவைப்பது? ராத்திரி சரக்கு வருகிறது என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டுத் தொழிற்சாலையிலேயே படுத்துக்கொண்டார். காலையில் முழுக்கை ஜிப்பா, மேலே சால்வை, முகத்தில் ஒரு சிரிப்பு.

"எனக்கு ஒண்ணுமே ஆகல!"

அங்கேதான் மனிதர் கெட்டார். சுண்ணாம்புக் குழியில் போட்ட தோல் உப்பினால்தான் சுண்ணாம்பு பிடித்தது என்று அர்த்தம். அதிலேயே காலம் தள்ளும் எங்களுக்கு ஊசிக்கும் அதே நியாயம்தான்.

"வீங்கவே இல்லியா?" என்றான் எங்களோடு வேலை செய்யும் முக்தார் அகமது. "அப்ப வெறும் தண்ணிய ஏத்திட்டான் பாய்!"

பாஷாவைப் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று வந்த கூட்டம் கலைந்தது. பில்கிஸைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்திருந்த சுகராவும் திரும்பினாள்.

"பச்சைத் தண்ணிக்கு எதுக்குப் புள்ளைய அழ வைக்கணும்?"

நல்லா இருந்தா போடலாம் என்றவளும் இவள்தான்!

"சுகரா, நில்லு!" சால்வையை வீசிவிட்டு, ஜிப்பாக் கையைக் கிழித்தே காட்டினார் பாஷா. பூசணிக்காய் மாதிரி இருந்தது. "தொட்டுப் பாரு, கொதிக்குது! ராத்திரி பூரா நடுங்கினேன்!"

அவள் தொட்டாள். "அப்ப சரக்கு வந்திச்சுன்னது?"

"சும்மா சொன்னேன்."

"ஜிப்பா வேற புதுசு," என்று முறைத்துவிட்டு, மகளின் சட்டைக்கையை மேலே ஏற்றினாள். கலைந்தவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். மறுநாள் முக்தாருக்குக் கை வீங்கவில்லை. தனக்கு மட்டும் கம்மியாகப் போட்டுவிட்டதாகக் கம்பவுண்டரிடம் அவன் போட்ட சண்டை தனிக்கதை.

பில்கிஸுக்கு அன்று மாலையே காய்ச்சல் கண்டது. பிள்ளை அழ அழ, அப்பனும் ஆத்தாளும் மாறி மாறி நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்ட வீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.