இலை போட்ட நேரத்தில் ஓடிய லாரி

ஓடாத இயந்திரம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கடைசியாக இதை நிறுத்தியது யார், எப்படி நிறுத்தினார்? விமானப்படையில் விமானங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்து, நாற்பதைத் தொடுவதற்குள் ஓய்வும் பெற்றுவிட்ட நான், இதைக் கேட்டு எத்தனையோ இளம் பொறியாளர்களைக் கடுப்பேற்றியிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் களத்தில் நின்றுபோன லாரியைப் பற்றி மட்டும் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிப் பதில் எல்லோருக்கும் தெரியும். நிறுத்தியவர் பெரியப்பா. நிறுத்தி, இறங்கி வந்து, கட்டிலில் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

அந்த லாரி என்னைவிட மூத்தது. தேங்காய்ப் பருப்பு ஏற்றி ஏற்றி அதன் இரும்புக்கே எண்ணெய் வாசம் வந்திருந்தது. ஒருமுறை அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது அதன் மனநிலையைப் பொறுத்தது. ஆகவே லோடோடு போகிற வழியில் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் பெரியப்பா இன்ஜினை அணைக்கவே மாட்டார். களத்தில் அது டக்டக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பெரியம்மா சமையலறையில் இலை போடுவார். சாப்பாடு முடிந்தால் சத்தம் நகர்ந்து கரூர் சாலையில் தேய்ந்து மறையும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பேச்சும் அதிகமில்லை. இன்ஜின் சத்தமும் ஓர் இலையுமாகவே அவர்கள் குடித்தனம் நடந்தது.

கருமாதிப் பந்தியில் நான் வழக்கம்போல் இலையை என் பக்கமாக மடித்தேன். அருகில் இருந்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இழவு ஊட்டுல உள்ளாற மடக்கக் கூடாது கண்ணு. வெளிப்பக்கமா மடக்கு. இல்லீனா இன்னொருக்கா வந்துரும்.”

எது வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை.

லாரியை விற்பதென்று அப்பா முடிவு செய்தார். வெள்ளகோவிலில் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஓட்டிப் பார்த்து, ஓட்டிக்கொண்டே போவதாகப் பேச்சு. வண்டி போகும்போதே பெரியம்மாவையும் அவருடைய டிரங்குப் பெட்டியையும் ஏற்றி, வழியில் அவர் பிறந்த வீட்டில் இறக்கிவிடுவதாகவும் ஏற்பாடு. ஒரே டீசலில் இரண்டு வேலை. என் அப்பா கெட்டவரல்லர், சிக்கனமானவர். பெரியம்மாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. பிறந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஓர் அறை.

ஆனால் வண்டி கிளம்பவில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து தகவல் போய், கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, வந்து சேர்ந்தார். மோட்டார் பம்புகளைத் தவிர வேறெதையும் பிரித்துப் பார்த்தறியாதவர். ஆனால் லாரி என்பது சக்கரம் வைத்த பம்புதான் என்பது அவர் கொள்கை.

“கவலப்படாதீங்க மச்சான். எந்த இன்ஜினா இருந்தாலும் எம்பட பேச்சக் கேக்கும்.”

“அது கேக்கறதுக்குள்ள நம்ம காலம் முடிஞ்சுரும் போல இருக்குது மாப்ள” என்றார் அப்பா.

என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்கள். மாமா முன்புறம் தலையை நுழைத்துக்கொண்டு “அடி கண்ணு” என்றால் நான் சாவியைத் திருப்ப வேண்டும். “உடு” என்றால் விட வேண்டும். இன்ஜின் சுற்றியது, இருமியது, ஓடவில்லை. புதுசாகச் சார்ஜ் செய்த பேட்டரி. டேங்கில் டீசல் இருந்தது. ஃபில்டர் வரைக்கும் வரவும் செய்தது. புகைக்குழாயில் மட்டும் ஒரு பொட்டுப் புகை இல்லை. டீசல் உள்ளே போகவில்லை என்பது அதற்குப் பொருள் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. நான் சாவியை விட்ட பிறகும் இருக்கை ஒரு கணம் லேசாக நடுங்கியது. மூடிய கேபினுக்குள் பெரியப்பாவின் வெற்றிலை வாசம் வந்தது. இறங்கிவிடத் தோன்றியது, ஆனால் வெட்கமாக இருந்தது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே கறுப்புக் கயிறுகள், காய்ந்த எலுமிச்சை, சிறு வேல் எல்லாம் தொங்கின. அவற்றின் நடுவே ஒரு கம்பி, நுனியில் அழுக்கேறிய மஞ்சள் துணி முடிந்து, இருக்கையின் கொக்கியில் இழுத்து மாட்டப்பட்டிருந்தது. மாமா உள்ளே எட்டிப் பார்த்து, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கருப்பராயனுக்கு நேந்து கட்டுனதாட்டம் இருக்குது. யாரும் தொட்டுப்போடாதீங்க.”

வாங்க வந்தவர் உச்சிவேளை வரை பொறுமையாக நின்றார். பிறகு எல்லோரும் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் கிணறு, முன்னால் களம். பம்ப்செட் இரைச்சலில் பேசுவதே கேட்கவில்லை. திடீரென்று கரண்ட் போயிற்று. தண்ணீர் நின்றது. அந்த அமைதிக்குள்ளே இன்னொரு சத்தம் முன்பே இருந்தது.

டக்டக்டக்டக்.

மாமாவின் கையிலிருந்த சோப்பு நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

களத்தில் லாரி ஓடிக்கொண்டிருந்தது. கேபினில் ஆளில்லை. வெயிலில் அதன் நிழல் மட்டும் உதறிக்கொண்டிருந்தது. அப்பா ஏறிச் சாவியைத் திருப்பினார். சத்தம் மாறவில்லை. சாவியை உருவியே எடுத்துவிட்டார். சாவி அவர் கையில் இருக்க, இன்ஜின் தன்பாட்டில் ஓடியது. அப்பா இறங்கிய விதத்தை இறங்குதல் என்று சொல்ல முடியாது.

“மாப்ள, உன்ற பேச்சக் கேக்கும்னியே, சொல்லு” என்றார். மாமா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நான் பெரியம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். பெரியப்பா உட்காரும் இடத்தில் இலை போட்டிருந்தது. சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. பெரியம்மா சொம்போடு குனிந்து, “ரசம் ஊத்தட்டுங்களா?” என்றார். ஒருவர் வாயிலிருப்பதை விழுங்கிப் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு ஊற்றினார்.

என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

“வண்டிய யாரும் தொட வேண்டாம்னு உங்கப்பங்கிட்டச் சொல்லு கண்ணு. உண்டுட்டிருக்கறாங்க.”

சொன்னேன். யாரும் தொடவில்லை. தொடச் சொல்லியிருந்தாலும் தொட்டிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு களத்துக்கு வந்தார். அப்பா அண்ணியைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார். “நங்கையா, அண்ணனப் போகச் சொல்லுங்க” என்றார். பெரியம்மா கேபினில் ஏறினார். மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையில் இறுகப் பிடித்தபடி தலை குனிந்தார். இன்ஜின் நின்றது.

வாங்க வந்தவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “ஏனுங்க, கெளம்பாத வண்டியக்கூட வாங்கிரலாமுங்க. தானா ஓடற வண்டி நமக்கு வேண்டாமுங்க.”

லாரி விற்கப்படவில்லை. டிரங்குப் பெட்டியும் பரண்மேல் திரும்ப ஏறியது. பெரியப்பா இருக்கிற வீட்டிலிருந்து பெரியம்மாவை அனுப்பும் துணிச்சல் அப்பாவுக்கு அதன்பின் வரவில்லை.

பழைய டீசல் இன்ஜின் சாவியால் நிற்காது. டீசலை அடைக்கும் கம்பியை இழுத்தால்தான் நிற்கும். அதன் குமிழ் எப்போதோ உடைந்துபோய், பெரியப்பா துணியைக் கட்டியிருந்தார். படுக்கப் போகுமுன் இழுத்து மாட்டிய கம்பி அப்படியே இருந்தது. வருடக்கணக்காக அவர் கழற்றியதையும் மாட்டியதையும் பார்த்திருந்த பெரியம்மா ஒருவருக்குத்தான் அது தெரியும். அவர் எதையும் கெடுக்கவில்லை. சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். அன்று உச்சிவேளையில் போய்க் கொக்கியிலிருந்து கழற்றிச் சாவியைத் திருப்பியிருக்கிறார். எல்லோர் கண்முன்னும்தான் நிறுத்தினார். எல்லோருக்கும் அது சாமி கும்பிடுவதாகத் தெரிந்தது.

இதுவரைக்கும் முறைப்படி விளக்கிவிடலாம். வாங்க வந்தவரை விரட்டுவதற்காகச் செய்ததென்றால், யாரும் பார்க்காத சமையலறையில் இலை எதற்கு என்ற இடத்தில் என் முறைகளெல்லாம் தீர்ந்துவிடுகின்றன.

அன்று கூட்டம் கலைந்ததும் நான் மறுபடி சமையலறைக்குப் போனேன். இலை மடிக்கப்பட்டிருந்தது. பெரியப்பா உட்காரும் பக்கமாக, உள்ளே பார்த்து. பெரியம்மாவே தப்புச் செய்கிறாரே என்று எனக்குப் பதைத்தது.

“இப்படி மடக்கக் கூடாது பெரிம்மா. இன்னொருக்கா வந்துருமாமா.”

அவர் இலையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

“வரட்டுங் கண்ணு.”

அத்தை சொன்னது சாவைத்தான் என்று அதற்குள் நானாகவே கண்டுபிடித்திருந்தேன். எங்கள் வீட்டில் இன்னொரு சாவு விழட்டும் என்கிறார் என்று எண்ணி, வெகுநாள் வரை பெரியம்மாவின் பக்கத்தில் படுக்கப் பயந்தேன்.