தொடையில் ஏறிய புளிப்பு

நானூறு மீட்டர்ல முதல் முந்நூறு யார் வேணா ஓடலாம். கடைசி நூறுலதான் இருக்கு சங்கதி. தொடை ரெண்டும் எரியும் பாருங்க, யப்பா! நெஞ்சு காத்துக்குப் பறக்கும், காலு என்னால ஆவாதுன்னு கெஞ்சும். ஆவடியில நான் படிச்ச ஸ்கூல்ல அந்தக் கடைசி நூறுல என்னை எவளும் முந்தினதில்ல. பீத்திக்கிறேன்னு நெனச்சா நெனச்சுக்கோங்க.

அந்த எரிச்சல் என்னன்னு பதினொண்ணாம் கிளாஸ் பயாலஜி புத்தகத்துலதான் படிச்சேன். வேகமா ஓடும்போது தசைக்கு வேண்டிய ஆக்ஸிஜன் வந்து சேராதாம். அதுக்காக செல்லு கையைக் கட்டிக்கிட்டு உக்காராது. காத்தே இல்லாம சர்க்கரையைப் பாதி உடைச்சு, கிடைக்கிற கொஞ்சூண்டு சக்தியில வேலையை ஓட்டும். மிச்சமா லாக்டிக் அமிலம் சேரும். இதுக்கு நொதித்தல்னு பேரு. பாலைத் தயிராக்குற பாக்டீரியாவும் இதே வேலையைத்தான் பண்ணுது. பக்கத்துல உக்காந்திருந்தவ என் தொடையைக் கிள்ளி, "அப்போ உன் கால்ல மோர் கடையலாமாடி?"ன்னா. சிரிச்சதுக்கு ரெண்டு பேரையும் வெளிய நிக்க வெச்சாங்க.

அந்த வருஷம் ஜில்லா போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. முந்தின நாள் சாயங்காலம் அப்பா என் அரை டவுசரை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. "வயசுக்கு வந்த பொண்ணு, நாலு பேர் பாக்க ஓடுவியா? இன்னா பழக்கம் இது?" கத்தினேன், சோறு திங்காம கெடந்தேன். அவர் மசியல. அப்புறம் கல்யாணம், அண்ணனூர்ல குடித்தனம், கொழந்தைங்க, அம்பத்தூர்ல கம்பெனி வேலை. ஒரே ஒரு தடவை ஓடிட மாட்டோமான்னு மனசு கெடந்து அடிச்சுக்கும். பொம்பளை சும்மா எதுக்கு ரோட்டுல ஓடுவா? நாய் தொரத்துதுன்னு நெனப்பாங்க.

தொண்ணூறுகள்ல ஒரு நாள் காலையில கொழந்தைக்கு ஜுரம், பக்கத்து வீட்டுல விட்டுட்டு வேலைக்குக் கெளம்ப லேட்டாயிடுச்சு. தெருமுனைக்கு வரும்போதே எலக்ட்ரிக் ரயில் ஸ்டேஷனுக்குள்ள நுழையுது. புடவையைத் தூக்கிச் செருகினேன். சாப்பாட்டுப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, பிளாட்பாரம் நெடுக லேடீஸ் பெட்டி வரைக்கும் ஓடினேன். தொடை பத்திக்கிட்டு எரிஞ்சுது. எத்தனை வருஷம் ஆச்சு!

உள்ள இருந்த ஒருத்தி கையைப் புடிச்சு இழுத்தா. "இன்னாக்கா, உயிரை வுட்டுட்டு ஓடியாரே? பின்னாலயே அடுத்த வண்டி கீதே!" மூச்சு வாங்குச்சு. கண்ணு ரொம்பிடுச்சு. காலு சுளுக்கிக்கிச்சுன்னு நெனச்சு அவ எழுந்து எடம் குடுத்தா. நான் உக்காரல.

மறுநாள் கொழந்தைக்கு ஜுரம் விட்டு ஸ்கூலுக்குப் போயிடுச்சு, சமையலும் சீக்கிரமே முடிஞ்சுது. வீட்டைப் பூட்டிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, வண்டி ஹாரன் கேக்குற வரைக்கும் வாசல்லயே நின்னேன்.