மல்லிகா புடவை மடிக்கிறாள்

புத்தூர் ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் என் மகள் மல்லிகா விழுந்தாள். எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். தடுக்கிவிட அங்கே ஒன்றும் இல்லை. வலியைவிட, விழுந்துவிட்டோமே என்ற ஆத்திரம்தான் அவளுக்குப் பெரிது. தரையில் தலையை மோதி அழுதாள். என் மனைவி தனம், அவள் நெற்றிக்கும் தரைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, 1962-ல் நடந்தது அது. மல்லிகாவுக்கு மூன்றரை வயது. டம்ளரைப் பிடித்தால் பாதிப் பால் கவுனில் போகும். அழுகை வந்தால் களைத்துத் தூங்கும்வரை ஓயாது. "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார்கள் உறவினர்கள். முன்பு பார்த்த டாக்டர், வளர்ந்தால் சரியாகும் என்று டானிக் எழுதிக் கொடுத்திருந்தார்.

இந்த டாக்டரம்மா மருந்து எழுதவில்லை. மேசையில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு, எடுக்கச் சொன்னார். மல்லிகாவின் கை பழத்தைத் தாண்டிப் போய் மேசையைத் தட்டியது. அவள் உதடு பிதுங்கியது.

"பிடிவாதம் இல்லீங்க இது. உங்க கையே உங்க பேச்சைக் கேக்கலேன்னா உங்களுக்குக் கோவம் வராதா?"

இயக்க ஒருங்கிணைப்பு (கண், கை, கால் ஒன்றுக்கொன்று இசைந்து வேலை செய்வது) இவளுக்கு மெதுவாகத்தான் வருகிறது என்று விளக்கினார்.

"பெரியவளானா சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே ஆரம்பிங்க. ஆனா விளையாட்டா இருக்கணும். அழும்போது புத்தி சொல்லாதீங்க, அது காதுல ஏறாது. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நீங்க நிதானமா மூச்சு விடுங்க."

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து காவிரி பக்கம்தான். காலையில் ஈர மணலில் அவளை நடக்கவிட்டேன். தனம் சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுத்தாள். அழுகை பொங்கும்போது பழைய புடவையில் தோள்வரை இறுக்கமாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டோம். மல்லிகா அதற்கு 'சுருட்டல்' என்று பெயர் வைத்தாள்.

சில வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் தேரோட்டக் கூட்டத்தில் மேளச் சத்தம் கேட்டு வீதியிலேயே புரண்டாள். தூக்கி அணைத்தேன். தோளில் பல் பதியக் கடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "இதெல்லாம் பிரயோஜனமில்லே தனம், விட்டுடலாம்" என்றேன்.

தனம் காயத்துக்கு மஞ்சள் வைத்தபடி சொன்னாள்: "உங்களத்தானே கடிச்சா? வேற யாரை நம்பிக் கடிப்பா அவ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடவில்லை.

எனக்கு மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வேலை. பிரித்துக் காட்டிய புடவைகளை மடித்தே நாள் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியில் உலர்ந்த புடவையின் இரு முனைகளை மல்லிகாவிடம் கொடுத்து, மறுமுனைகளை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் ஒன்றாக உயர வேண்டும். துணி தொய்யாமல் என்னை நோக்கி நடந்து வர வேண்டும். அவளுக்கு அது மலையேறுவது மாதிரி. ஆனாலும் பிடித்துப்போய், தினமும் கேட்டாள்.

பல மாதங்களுக்குப் பின் ஒரு சாயங்காலம், கிட்டத்தட்ட என்னிடம் வந்து சேர்ந்தபோது ஒரு முனை நழுவியது. முகம் சிவந்தது. கைகளை முறுக்கினாள். நான் ஓடப்போனேன், தனம் கண்ணாலேயே தடுத்தாள். மல்லிகா அந்தப் புடவையைத் தானே உடம்பில் கோணலாகச் சுற்றிக்கொண்டு, என் காலருகே உட்கார்ந்து, நாங்கள் விடுவதைப் போலவே 'உஸ்... உஸ்...' என்று மூச்சுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"அப்பா, இன்னொரு தடவ மடிக்கலாமா?"

தனம் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதே வழியில் நடப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முழுக்கச் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மல்லிகா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எழுத்து கோடு தாண்டி ஓடுகிறது. படிக்கட்டில் இன்னும் என் விரலைத் தேடுகிறாள். மாறியது என் உடம்பும்தான். எங்கே ஒரு குழந்தை வீறிட்டாலும் இப்போது என் மூச்சு தானாக நிதானப்படுகிறது.

இன்று காலை பஸ் நிறுத்தத்தில், கழன்ற செருப்பு வாரை அவளே மாட்டிக்கொண்டிருந்தாள். வார் துளைக்குள் போகவில்லை. டவுன் பஸ் வந்து நின்று, புறப்பட்டும் போய்விட்டது.

"பஸ் போயிடுச்சேப்பா!"

"அடுத்தது வரும்டா கண்ணு. நீ மாட்டு."

நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் மறுபடி குனிந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.