நாயுருவி ஒட்டிய சட்டை

வெல்டரின் சட்டைக்கு ஒரு வாசனை உண்டு. கருகிய பருத்தி, துரு, வியர்வை மூன்றும் சேர்ந்து, துவைத்துக் கொடியில் போட்ட பிறகும் போகாத வாசனை. கவரைப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் சாயங்காலம் அந்த வாசனை நுழைந்தால், நைனா வந்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். நெருப்புப் பொறி பட்டுப் பட்டு அவர் சட்டையெல்லாம் ஊசித் துளைகளாக இருக்கும். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் தரையில் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் விழும். அதை நான் எண்ணுவேன். புதிதாக ஒரு துளை அகப்பட்டால் அன்றைக்கு எனக்குப் பொங்கல்தான்.

ஆறாம் வகுப்பில் அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பள்ளிக்கு எடுத்துப்போய், அறிவியல் டீச்சர் முதற்கொண்டு எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சூரியனைக் காட்டினேன். இரும்பையே ஒட்டவைக்கிற ஆள் என் நைனா என்று கேட்டவரிடமும் சொன்னேன், கேட்காதவரிடமும் சொன்னேன். அப்போது எனக்குப் பேரே "முந்திரிக்கொட்டை". யார் என்ன கேட்டாலும், கேட்டவர் வாயை மூடுவதற்குள் என் பதில் வந்து விழும். "உன்னை யாராவது கேட்டாங்களா? ஏன்டி முந்தினு ஓடுற?" என்று அம்மா தலையில் குட்டுவாள்.

அந்த வருஷம் மழை நின்று புதரெல்லாம் தளதளவென்று நின்ற சமயம், சட்டையில் புதுத் துளை விழுவது நின்றுபோனது. வாசனையும் மாறியது, துரு போய், அறுத்த பச்சைத் தழையின் வாடை. கைமடிப்பிலும் கால்சட்டை ஓரத்திலும் நாயுருவி விதைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. அவற்றைப் பிய்த்து என் தம்பி முதுகில் ஒட்டிவிட்டு விளையாடினேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. ஒருநாள் கேட்டதற்கு, "கம்பெனிக்குப் பின்னால ஒதுங்கப் போனேன் பாப்பா, ஒட்டிக்கிச்சு" என்று சிரித்தார். தினமும் அதே ஹெல்மெட், அதே டிபன் கேரியர், அதே ஏழரை மணி. நான் நம்பினேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. தலையைப் பிளக்கிற வலி என்றார். போர்வைக்குள் கட்டில் ஆட நடுங்கினார். மூன்றாம் நாள் ஸ்டேஷன் ரோட்டு டாக்டரிடம் போனோம். அவர் சட்டையைத் தூக்கியபோது, இடுப்பில் பெல்ட் அழுந்தும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு தெரிந்தது. சுற்றிலும் சிவப்பு, சிகரெட்டால் சுட்டு அணைத்தது போல இருந்தது.

"இது இன்னாப்பா? எங்க சுட்டுக்கின?"

நைனா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "வெல்டிங் பொறி சார்! எங்க நைனா வெல்டரு. அவருக்கு இதெல்லாம் சகஜம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "பேஷண்டே பேச வேணாம் போலகீதே, வக்கீலு கூடவே வந்துட்டாங்க!"

திறந்த வாயை நைனா மூடிக்கொண்டார். அம்மா தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஊசி, காய்ச்சல் மாத்திரை, பொறி பட்ட இடத்துக்குத் தீப்புண் களிம்பு.

களிம்பு போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மூன்று வேளையும் கை கழுவிவிட்டு, கோழி இறகால் தொட்டுத் தடவுவேன். "எரியுதா நைனா?" என்பேன். "எரியல பாப்பா" என்பார். எரியாதது எனக்குப் பெருமையாக இருந்தது. என் வைத்தியம் பலிக்கிறது என்று நினைத்தேன்.

களிம்பு பலித்தது போலிருந்ததே ஒழிய, காய்ச்சல் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது, கண்கள் மஞ்சளித்தன. ஆம்புலன்ஸில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "இன்னும் ஒரு நாள் லேட்டா வந்திருந்தா சொல்றதுக்கில்ல" என்று நர்ஸ் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அங்கே இளவயது டாக்டரம்மா ஒருவர் அந்தப் பொருக்கை விரலால் அழுத்திப் பார்த்து, "வலிக்குதா?" என்றார். இல்லையென்று நைனா தலையசைத்தார்.

"சுட்ட புண்ணுன்னா வலிக்கும். இது உண்ணி கடிச்ச இடம். புதர்ல, காட்டுல எங்கயாவது வேலை செஞ்சீங்களா?"

"இல்ல டாக்டர், கம்பெனிக்குள்ளதான்! எங்க நைனா வெல்..."

"நீ சும்மா இரு பாப்பா." என் பக்கம் திரும்பாமல், மூச்சுக்கு நடுவே நைனா சொன்னார். "ரெண்டு மாசமா முள்ளு வெட்டினுகீறேன்மா. கம்பெனில கேட் பாஸ் புதுப்பிக்கல, வேலை போச்சு. பின்னால காலி மனையில வேலிகாத்தான் வெட்டுற வேலை."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

மாத்திரை மாற்றிக் கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. வார்டு வராந்தாவில் அம்மாவிடம் கேட்டேன்: "உனுக்குத் தெரியுமா?"

"வேலை போனது தெரியும். அந்தப் புண்ணைத்தான் ஏதோ கொப்புளம்னு நெனச்சேன்டி. நீதான் ஊரெல்லாம் வெல்டரு வெல்டருன்னு சொல்லினு திரிஞ்ச. உன் எதிர்ல எப்படிச் சொல்றதுன்னு அவரு..."

என் மனசு நோகக்கூடாது என்று செய்தாராம். அப்படிச் செய்யச் சொல்லி நானா கேட்டேன்? உயிர் போகிற காய்ச்சலில் தன் டாக்டருக்கு என் வாயாலேயே பொய் சொல்லவிட்டு, பொய்யின் மேல் மூன்று வேளையும் என் கையாலேயே களிம்பு தடவவும் விட்டார். அவர் செத்திருந்தால் கொன்றது யார்? பதினோரு வயதில் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் தூங்காமல் கிடந்தது இருவருக்கும் தெரியாது.

இப்போது நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயல் எலி மேல் வாழ்ந்து, புல்நுனியில் காத்திருந்து, ஆள் மேல் ஏறுகிற அந்த உண்ணிக் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா அதற்குள் இருக்கிறது. கடிப்பதும் தெரியாது. நேரத்துக்குச் சொன்னால் சாதாரண மாத்திரையில் போய்விடும். சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நைனா முள் வெட்டிய மனை இப்போது கன்டெய்னர் நிறுத்துமிடம். ஒரு நாயுருவிச் செடிகூட இல்லை. அவர் மறுபடி வெல்டராகிவிட்டார். போன மாதம் புதுக் கம்பெனியின் உடல் பரிசோதனைக்குப் படிவம் நிரப்ப நானும் கூடப் போனேன். நர்ஸ் அவர் இடுப்பில் இருந்த வெளிறிய குழியைத் தொட்டு, "இது இன்னா தழும்பு?" என்றார்.

நைனா பழக்கத்தில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"வெல்டிங் பொறிம்மா" என்றார்.

நர்ஸ் எழுதிக்கொண்டார். ஆணியில் தொங்கிய நைனாவின் சட்டையைப் பார்த்தேன். இப்போதெல்லாம் வேலை நேரத்தில் மேலே தடித்த கோட்டு கொடுக்கிறார்கள். உள்சட்டையில் ஒரு துளைகூட விழுவதில்லை.