நாலு கம்பியும் என் வெல்டிங்கும்

கோவில்பட்டியில் லாரிகளுக்குப் பட்டை கட்டுகிற ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பட்டை என்றால் பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங். ரேஸ் கார் வேலை எனக்கு வந்தது ஒரே ஒரு முறை.

கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற முருகேசன் தன் பழைய காரில் பெரிய இன்ஜினை ஏற்றி, டிராக் ரேசுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். நேர் ஓடுதளத்தில் யார் முந்துவது என்பதுதான் போட்டி. அந்தக் காரின் பட்டைகளைப் பிடிக்கிற முன் பிராக்கெட் இரண்டையும் போன வருஷம் வெல்டிங் வைத்தது நான்தான்.

ஒரு நாள் சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே நாலு கம்பி. பட்டைக்குப் பதிலாக அச்சைப் பிடிக்கிற ஃபோர் லிங்க் செட். கோயம்புத்தூரில் ஒருவர் தன் காரிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம்.

"பட்டையத் தூக்கிட்டு இதப் போட்டுருங்க, அண்ணாச்சி."

மூன்று கம்பியில் பழைய பெயிண்ட். ஒன்றில் மட்டும் புதுப் பெயிண்ட்.

"நல்லா ஓடுற வண்டியில இருந்து எதுக்குத் தம்பி கழத்துனாரு?"

"வண்டிய விக்கப் போறாராம்."

"இந்த ஒண்ணுக்கு மட்டும் எதுக்குப் பெயிண்ட்? ஒடிஞ்சத ஒட்டியிருப்பான். பட்டையே இருக்கட்டும்."

அவர் முகம் மாறியது. "உங்க தொழிலு பட்டை. அதனாலதான் அதையே சொல்லுதீங்களோன்னு இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கம்பியின் பெயிண்டைச் சுரண்டினேன். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஈரக்கோடு விழும். அரை மணி நேரம் பார்த்தோம். கோடு விழவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை செய்தேன். அப்போதும் இல்லை.

"உங்க வெல்டிங்குலயும் தடவிப் பாருங்க" என்றார் முருகேசன்.

காரை ஜாக்கியில் ஏற்றினோம். வலது பிராக்கெட் சுத்தமாக இருந்தது. இடதில், வெல்டிங் ஓரமாக, தலைமுடி மாதிரி ஒரு கோடு மெல்ல நனைந்து வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "நேத்து இதுலதான் என் மகளக் கூட்டிக்கிட்டு சங்கரன்கோவில் போயிட்டு வந்தேன்" என்றார்.

அந்த பிராக்கெட் பிய்ந்திருந்தால் அச்சு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். ஸ்டீரிங்கை எவ்வளவு பிடித்தாலும் வண்டியை நேராக்கியிருக்க முடியாது.

"ஃபோர் லிங்க்கே போடுவோம் தம்பி" என்றேன். "இந்த இன்ஜின் இழுப்புக்குப் பட்டை முறுக்கிக்கிடும், டயர் குதிக்கும். எனக்கு முதல்லயே தெரியும். கை பழகுன வேலைன்னு பட்டையச் சொல்லிட்டேன்."

பழைய பிராக்கெட்டுகளை வெட்டி எடுத்தேன். கம்பிகளின் முன் முனையைத் தாங்க, அடியில் குறுக்குச் சட்டம் புதிதாக வைத்தேன். ஒவ்வொரு வெல்டிங்கையும் முருகேசனே சாக்பீஸ் பூசிப் பார்த்தார். நான் தடுக்கவில்லை.

ரேஸ் அன்று நானும் போயிருந்தேன். பச்சை விளக்கு விழுந்ததும் டயர் குதிக்காமல் தரையைக் கவ்வியது. கார் கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. ஜெயித்தது வேறொரு வண்டி.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அடுத்தவர் கம்பியில் குறை தேடும்போது எனக்கு இருந்த பொறுமை, என் வெல்டிங்கைப் பார்க்கும்போது இருந்ததில்லை. அவர் சொல்லும்வரை பார்க்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

முருகேசன் திரும்பி வந்து காரை நிறுத்தினார். இறங்கி, அடியில் குனிந்து நாலு கம்பியையும் குறுக்குச் சட்டத்தையும் கையால் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னிடம், "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.