பல் போன குரல்

அலுவலகத்தில் அவருக்குச் சகுனம் என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, மூன்றாவது மாடியில் நிரல் எழுதுகிறவர்கள் வைத்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து யார் மேசைப் பக்கம் நடக்கிறாரோ, அந்த ஆள் செய்த வேலையில் ஓட்டை என்று பொருள். "சகுனம் கெளம்பிடுச்சு, யார் தலையில விடியுதுன்னு பாரு" என்பார்கள். அவர் தேநீர் எடுக்கப் போனால்கூட வழியில் நாலு பேர் நிமிர்ந்து உட்கார்வார்கள். உண்மையில் அவரைவிடச் சாதுவான மனிதர் அந்த மாடியில் கிடையாது. கெட்ட செய்தி சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவருக்குக் குரலை உயர்த்தத் தேவைப்படவில்லை.

லினக்ஸ் என்ற அடிப்படை மென்பொருளோடு ஆயிரக்கணக்கான உதிரி மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டி, வாரம் ஒரு பதிப்பாக உலகத்துக்கு இலவசமாக அனுப்புவது அந்த அலுவலகத்தின் வேலை. கட்டிய மூட்டையைப் பிரித்தால் எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு பெரிய மிஷினுக்குள் நூற்றுக்கணக்கான கற்பனைக் கணினிகளை எழுப்புவார். நிரலே விசையை அழுத்தும், நிரலே திரையைப் பார்க்கும். எடுத்து வைத்த பழைய படத்தோடு திரை ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இப்படி ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் சோதனைகள். தானாக நடக்கும் சோதனை என்று அதற்குப் பெயர். அதைத் தானாக நடக்க வைக்க ஒரு மனிதர் பத்தொன்பது வருடமாக மெனக்கெட வேண்டியிருந்தது.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. புதிதாக ஒரு சோதனை எழுதினால், சோதிக்கப்படும் பொருளை முதலில் வேண்டுமென்றே கெடுத்து, சிவப்பு விழுகிறதா என்று பார்ப்பார். தோற்கத் தெரியாத சோதனையை அவர் நம்பமாட்டார். இரண்டாவது, ஒரே பதிப்புக்கு ஒரு தரம் பச்சையும் ஒரு தரம் சிவப்பும் காட்டும் சோதனையை மூன்றாம் முறை ஓட்டிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்து, நாற்பத்திரண்டில் முழுவதும் அணைந்தது. கண் டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்: இந்த வகையில் சில பேருக்குக் காதும் பின்னாலேயே போகும், சில பேருக்குப் போகாது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "சரி, வர்ற பஸ்ஸைப் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் இல்லை.

தம்பி தன் அலுவலகத்து லினக்ஸையே அக்காவின் கணினியில் போட்டுக் கொடுத்தார். திரையில் இருப்பதையெல்லாம் அது வாய்விட்டுப் படிக்கும். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல். பிழை இருந்தால் டாக்டருடையதாகத்தான் இருக்கும் என்பாள்.

ஒன்பது வருடம் இப்படி ஓடியது. போன வருடம் ஒரு காலையில் அக்கா காதிலிருந்ததைக் கழற்றி வைத்தாள்.

"டேய், உன் மிஷினுக்குப் பல்லு கொட்டிப்போச்சா?"

"என்னக்கா ஆச்சு?"

"முன்னெல்லாம் கணீர்னு பேசும். இப்ப கெழவன் மாதிரி கொழகொழங்குது. மேசைன்னு சொன்னா சா-வே காணோம். டாக்டர் பேச்சும் அப்படித்தான் வருது. போன வாரம் நான் அடிச்சது ரெண்டு திரும்பி வந்துடுச்சு."

"சத்தத்தைக் கூட்டிப் பாத்தியா?"

"கூட்டினா சத்தமாக் கொழகொழங்குது."

தம்பி காதில் மாட்டிக் கேட்டார். கணீரென்றுதான் இருந்தது. ஆனால் தன் காதை நம்புகிற சோதனைக்காரர் உலகத்தில் இல்லை. தவிர, தவறு கணினியில் இல்லையென்றால் அது வேறு எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே தவறு கணினியில்தான் இருந்தாக வேண்டும்.

ஒலிக்கென்று அதுவரை உருப்படியான சோதனை கிடையாது. எழுதினார். கற்பனைக் கணினியை ஒரு வாக்கியம் பேசச் சொல்லி, பதிவு செய்து, மாதிரிப் பதிவோடு ஒப்பிடுவது. வாக்கியத்தை அக்காவே இட்டுக்கட்டிக் கொடுத்தாள்: "மேசை மேல மீசை, ஊசி மேல பாசி." வழக்கம்போல் முதலில் கெடுத்தார். ஒலியில் உயர்ந்த சுருதிப் பகுதியை, சா மாதிரியான எழுத்துகள் ஒலிக்கும் இடத்தை, வெட்டி ஓட்டியதும் சிவப்பு விழுந்தது. வெட்டை எடுத்தார். பச்சை.

மறு வாரமும் பச்சை, அதற்கு மறு வாரமும். பத்தொன்பது வருடமாகப் பச்சை வேண்டும் என்று உட்கார்ந்திருந்த மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சிவப்புக்காக ஏங்கினார். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் பச்சையா இருக்கே சார், ஏன் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"சோதனையில ஏதோ தப்பு இருக்கும்மா" என்றார் அவர்.

கற்பனைக் கணினியில் தெரியாதது நிஜக் கணினியில் தெரியலாம். அந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு வருடம் முன்பு நன்றாக இருந்தது, இன்று கெட்டுவிட்டது என்றால், நடுவில் உள்ள பதிப்பை எடுத்துப் பார்ப்பது. அது நல்லதென்றால் கோளாறு பின்பாதியில், கெட்டதென்றால் முன்பாதியில். மறுபடி பாதி, மறுபடி பாதி. நூற்று நான்கு வாரப் பதிப்புகளுக்கு ஏழு முறை வெட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிடுவான். இதில் ஒரே நிபந்தனை, ஒவ்வொரு முறையும் நல்லதா கெட்டதா என்ற பதில் சரியாக வரவேண்டும். இம்முறை பதில் சொல்லவேண்டியது அக்கா.

ஞாயிறுதோறும் ஒரு பழைய பதிப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து அவள் கணினியில் ஏற்றுவார். மீசையும் பாசியும் ஒலிக்கும்.

"இது எப்படிக்கா?"

"பல்லில்லை."

இரண்டாவது ஞாயிறு பல்லில்லை. மூன்றாவது ஞாயிறும் இல்லை. நான்காவது ஞாயிறு பதிப்பு ஏறுவதற்கே பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. தட்டில் போட்ட சோறு காய்ந்துகொண்டிருந்தது. அக்கா இரண்டு தடவை ஓடவிட்டுக் கேட்டாள்.

"இது நல்லா இருக்குடா."

"நெஜமாவா? சா கேக்குதா?"

"மேசை, மீசை, ஊசி. எல்லாம் முழுசா இருக்கு. எந்திரி, சாப்பிடு."

அன்று அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அதன்பிறகு வெட்டு வேகமாக நடந்தது. மீதி மூன்று முறையும் கெட்டது என்றே வந்தது. நல்லதென்று அவள் சொன்ன பதிப்புக்கு அடுத்த வாரத்தில் கோளாறு வந்து நின்றது. அந்த வாரத்தில் ஒலிப் பகுதியில் நடந்தது ஒரே ஒரு மாற்றம். அதைச் செய்தவர் கடல் தாண்டி இருந்து ஒலிப் பகுதியைக் கவனித்துவரும் ஒருவர். முகம் தெரியாது, தங்கமான மனிதர் என்று பெயர். அவர் பேரில் தம்பி புகார் பதிந்தார். பதில் மறுநாளே வந்தது: அந்த மாற்றம் உதவிப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தது மட்டுமே, ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தயவுசெய்து இன்னொரு முறை பார்க்க இயலுமா?

காற்புள்ளியால் ஒலி கெடாது என்று சகுனத்துக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் இரண்டு பக்கத்துக்கு வாதாடினார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் ஆதாரம் கேட்டவர், அந்த இரண்டு பக்கத்தில் "இருக்கக்கூடும்" என்று ஒன்பது இடத்தில் எழுதினார். அனுப்பிவிட்டுப் படித்துப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, நல்லதென்று அக்கா சொன்ன அதே பதிப்பை மறுபடி ஏற்றினார். புதிதாக ஒன்று வந்திருக்கிறது, கேட்டுப் பார் என்றார். அவள் கேட்டாள்.

"இதுவும் பல்லில்லைடா."

ஒரே பதிப்பு, இரண்டு பதில். மூன்றாம் முறை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஓட்டவில்லை.

"அக்கா, இதைத்தான் அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னே."

அவள் காதிலிருந்ததைக் கழற்றி, ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு மூணு மணி வரைக்கும் நீ சாப்பிடலை. ஒண்ணாவது நல்லா இருக்குன்னு சொன்னாத்தானே எந்திரிப்பே."

"டாக்டர்கிட்டப் போலாமாக்கா?"

"போயாச்சு. மாடி வீட்டு டீச்சர் கூட்டிட்டுப் போனாங்க. நாலு மாசம் ஆச்சு."

"என்ன சொன்னாரு?"

"மேல் சத்தம் போயிடுச்சாம். கீழ்ச் சத்தம் கொஞ்ச நாள் இருக்குமாம். காதுக்கு மிஷின் வச்சாலும் போனது வராதாம்."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

"நீ அவ்வளவு மும்முரமாத் தேடுறே. உன் மிஷின் மேல பழி போட்டுட்டு இருந்தது எனக்கும் வசதியாத்தாண்டா இருந்துச்சு. ஏழு ஞாயித்துக்கிழமை. நல்லாத்தான் போச்சு."

அவர் எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்குமா என்று யோசனை வந்ததும் மூடிவிட்டார்.

திங்கட்கிழமை புகாரை முடித்து வைக்க வேண்டியிருந்தது. காரணம் சொல்லாமல் எந்தப் புகாரையும் மூட முடியாது. அந்த விதியை எழுதியதே அவர்தான். திரையில் ஆறு காரணங்கள் வரிசையாக இருந்தன. திருத்தப்பட்டது. திருத்தப்படாது. மறுபடி நிகழவில்லை. ஏற்கெனவே சொல்லப்பட்டது. பிழையே அல்ல. கடைசியில், வன்பொருள் கோளாறு. தவறு எங்கள் மென்பொருளில் இல்லை, உங்கள் கருவியில் என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழி அது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையே தேர்ந்தெடுத்தார். கீழே மன்னிப்புக் கேட்டு ஒரு வரி.

தங்கமான மனிதரின் பதில் மதியம் வந்தது. மன்னிப்பெல்லாம் எதற்கு, காரணம் தெரிந்ததே நிம்மதி, கருவியை மாற்றிவிடுங்கள், இப்போதெல்லாம் மலிவாகவே கிடைக்கிறது என்று எழுதியிருந்தார். சகுனம் நன்றி என்று எழுதி அனுப்பினார்.

மாதக் கடைசியில் அக்கா வேலையை விட்டாள். ஒலிச் சோதனை மட்டும் வாராவாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு நாளும் சிவப்பே விழல சார், சும்மா நேரத்தைத் தின்னுது. எடுத்துடலாமா?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்.

"ஒரு தடவை விழுந்திருக்கு" என்றார் அவர்.

அந்த ஒரு தடவை, முதல் நாள் வேண்டுமென்றே கெடுத்து ஓட்டியது. சோதனையில் பதிவான எதையும் அந்த மிஷின் அழிப்பதில்லை. அன்று அவர் ஒலி வரைபடத்தின் மேடுபள்ளத்தைப் பார்த்ததோடு சரி, காதில் கேட்கவில்லை. இப்போது தேடி எடுத்து, காதில் மாட்டிக்கொண்டு ஓடவிட்டார். மேசையில் சா இல்லை, மீசையில் இல்லை. மெல்ல முடியாத வாயில் சொற்கள் புரண்டன. மூன்று தடவை கேட்டார். அதற்குமேல் முடியவில்லை.

மாலை வீட்டுக்குப் போனார். அக்கா வாசல் அறையில் நாற்காலியில் இருந்தாள். தரை அதிர்விலேயே ஆளைத் தெரிந்துகொண்டாள். அவர் அவள் காதருகில் குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மேசை மேல மீசை, ஊசி மேல பாசி."

அக்கா கைநீட்டி அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன்டா," என்றாள், "உனக்கும் பல்லு போயிடுச்சா?"